மீன் வாடையும் மின் குதையும்



சித்தாண்டியில் மீன் வாடை வீசுகிறது என்று ஒருவர் முறையிட்டால் கேட்பவர் நகைப்பார். மட்டக்களப்பு வாவியை அண்டி வாழும் எமக்கு அது காற்றோடு பிறந்த வாடை. காலையில் மீன்காரரின் துவிச்சக்கர வண்டியோடு படலைக்கு வரும். மாலையில் குசினியில் எஞ்சி நிற்கும். ஆகவே, சென்ற மாரிகாலத்தில் என் தாயாரின் அறையில் மெல்லிய மீன் நாற்றம் ஒன்று பல நாளாக வந்தும் போயும் கொண்டிருந்தபோது, வீட்டில் எவரும் அதனைப் பொருட்படுத்தினோமல்லோம். அயலவர் வலை உலர்த்துகிறார் என்றேன் நான். மழை ஈரத்தில் மெத்தை நாறுகிறது என்றார் என் மனைவியார். இருவருடைய கூற்றும் பிழையென்பதைப் பின்னரே அறிந்தோம்.

கொழும்பில் தொழில் புரியும் என் மகள் விடுமுறையில் வந்தபோது, சுவரிலே செருகி வைக்கும் நறுமணக் கருவி ஒன்றை வாங்கி வந்தாள். "அப்பம்மாட அறையில இதைப் போட்டு விடுங்கோ அப்பா, ஒரு மணமும் இராது" என்றாள். கருவியின் முள்களோ உருண்டையானவை. எமது வீட்டுக் குதையோ சதுர முள்ளுக்குரியது. அதனாற் பெரிய இடர்ப்பாடு எதுவும் நேரவில்லை. நம்மவர் யாவரும் அறிந்த வித்தைதானே! மேற்றுளையிலே பேனை முனையை நுழைத்து, உள்ளே இருக்கும் மூடியைத் திறந்து, உருண்டை முள்ளைத் திணித்துவிட்டேன். அறை முழுவதும் மல்லிகை மணந்தது. மீன் நாற்றம் மறைந்தது. நாற்றம் மறைந்ததேயன்றி அதன் காரணம் மறையவில்லை.

பத்து நாள் கழிந்திருக்கும். இரவிலே தாயார் மருந்து குடிப்பதற்காக வெந்நீர்க் கேத்தலை இயக்கிவிட்டுப் படுக்கையில் அமர்ந்திருந்தார். சற்று நேரத்தில், "மகன், மல்லிகைப்பூக் கருகிற மாதிரி மணக்குது, எழும்பி வா" என்று குரல் கொடுத்தார். நான் சென்றபோது கட்டிலின் பின்புறச் சுவரில் சிறு சுடர் ஒன்று நின்றது. நுளம்பு வலையின் ஓரம் உள்ளங்கை அகலத்துக்கு உருகிச் சுருண்டிருந்தது. ஓடிச் சென்று பிரதான ஆளியை நிறுத்தினேன். சுடர் தானாகவே அடங்கிற்று. எண்பது வயதைக் கடந்தவர் அவ்வேளை உறங்கியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை இன்றும் எண்ணிப் பார்க்க நான் விரும்புவதில்லை.

நான் கலைப் பட்டதாரி. மின்னோட்டம் பற்றி நான் அறிந்ததெல்லாம், மாதந்தோறும் வரும் பட்டியல் அளவே. ஆகவே மறுநாள் எமது பாடசாலை விஞ்ஞான ஆசிரியரை வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். அவர் குதையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. அதிலே பிடிக்கப்பட்ட செப்புக் கம்பி கறுத்து, அயலிற் பச்சை பூத்திருந்தது. "சேர், உங்கட மீன் இதுதான்" என்றார் அவர்.

அவர் விளக்கியதை என் மொழியிற் கூறுகிறேன். குதை, ஆளி முதலியவற்றின் வெண்ணிற முகப்புப் பலவும் யூரியா போமல்டிகைட்டு என்னும் பிசினாற் செய்யப்படுபவை. அது மிகையாகச் சூடேறும்போது, மீன் நாற்றத்தை ஒத்ததொரு வாடையை வெளியிடும். வேறு ஊர்களிலே வீட்டினுள் காரணமின்றி மீன் நாறினால் மின்னிணைப்பைப் பார் என்பர். எங்கள் ஊரிலே மீன் நாறினால் மீனைத்தான் தேடுவோம். வாவிக்கரை வாழ்வு எமக்கு அளித்த பேறுகள் பல. இந்த ஒரு விடயத்தில் மட்டும் அது எம் மூக்கை ஏமாற்றிவிடுகிறது.

சூடு எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம்மில் அநேகர் தவறாக எண்ணுகின்றோம். நறுமணக் கருவி மிகச் சிறிது. அதனுள் எண்ணெய்ப் புட்டி, திரி, திரியின் தலையைச் சுற்றி ஒரு சிறு சூடாக்கி ஆகியவையே உள்ளன. அது கொள்ளும் மின்வலு இரண்டு முதல் ஐந்து வாற்று வரை இருக்கும். நுளம்பு விரட்டும் திரவக் கருவியும் அதன் உடன்பிறப்பே. இவ்வளவு சிறிய பொருள் என்ன செய்துவிடும் என்று கேட்பது நியாயந்தான். ஆனால் அதே குதையிலே, மல்ரி பிளக் என்று கடையிற் கேட்டு வாங்குவோமே, அந்தப் பலவாய்க் குதையின் வழியாகக் கேத்தலும் பொருத்தப்பட்டிருந்தது. 2000 வாற்றுக் கேத்தல் எமது 230 வோல்ற்று மின்சாரத்தில் ஏறத்தாழ 8.7 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். தளர்ந்த இணைப்பிலே அரை ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினால் 38 வாற்று வருகிறது. வானொலி திருத்துபவர் ஈயத்தை உருக்கக் கையாளும் சூட்டுக்கோலின் வலு அதுவே. அத்தகைய கோல் ஒன்றைச் சுவரினுள் மறைத்து வைத்து, அதன் அருகே எண்ணெய்ப் புட்டியையும் தொங்கவிட்டிருந்தேன்.

அப்படியாயின் உருகியும் தானியங்கி ஆளியும் எதற்கு என்று வினவினேன். செருகியின் உருகி 13 அம்பியருக்கு மேற்பட்டாற்றான் உருகும். இங்கு ஓடியதோ 8.7. நிலத்துக்கு மின் கசிந்தால் வீட்டின் டிரிப் சுவிட்ச் விழும். இங்கு ஒன்றும் கசியவில்லை. இரண்டும் தத்தம் கடமையில் வழுவவில்லை. தளர்ந்த திருகாணியை அறியும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. அதனை அறியக்கூடியது மூக்கு ஒன்றுதான். அந்த மூக்கைத்தான் நாம் மல்லிகைத் தைலத்தால் அடைத்துவிட்டோம்.

என் தவறுகள் அத்துடன் நிற்கவில்லை. பலவாய்க் குதையின் பக்கவாட்டுத் துளையிற் செருகியமையால் புட்டி சரிந்து கிடந்தது. இக்கருவிகள் நிமிர்ந்தே நிற்கவேண்டியவை. சரிந்தால் திரவம் ஒழுகும். நறுமணத் தைலங்களும் எரியும். நுளம்புத் திரவங்கள் பலவற்றிலுள்ள மண்ணெண்ணெய் இனக் கரைப்பானும் எரியும். உருண்டை முள் சதுரத் துளையில் இறுகப் பிடிக்காது. தொட்டும் தொடாமலும் நின்று பொறி பறக்கும். 13 அம்பியர் சதுர முள் செருகியே இலங்கையின் தரம் என வகுக்கப்பட்டுள்ளது. எனினும் உருண்டை முள்ளோடு கூடிய பொருள்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் உள்ளன. பேனை முனையால் நாம் திறக்கும் அந்த மூடி, குழந்தை கம்பி நுழைக்காதிருத்தற்பொருட்டு வைக்கப்பட்டது என்பதையும் நினைவிற் கொள்க.

கருவியின் மீது முழுப்பழியையும் சுமத்துவோரும் உளர். சில ஆண்டுகளுக்கு முன்னர், இக்கருவிகள் வீடுகளை எரிக்கின்றன என்ற எச்சரிக்கைக் கடிதமொன்று மின்னஞ்சல் வழியாக உலகெங்கும் பரவிற்று. அச்சத்தை ஊட்டிய அளவுக்கு ஆதாரத்தை அது தரவில்லை. ஆயினும் கருவிகள் முற்றிலும் குற்றமற்றவை என்றும் கூறுதற்கில்லை. 2002 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிளேட் என்னும் பெயருடைய கருவிகளுள் ஒரு வகை, ஏறத்தாழ 25 இலட்சம், மீளப் பெறப்பட்டன. பிழையாகப் பொருத்தப்பட்டதால் தீ நேரக்கூடும் என்பதே காரணம். அவ்வகைக் கருவியின் முகத்திலேயே வேறு பொருளைச் செருகுவதற்கு இன்னொரு குதையும் இருந்தது.

எம் முன்னோர் அறையை மணக்கச் செய்யவில்லையா? சாம்பிராணி இட்டனர், நுளம்புக்கு நொச்சியும் வேம்பும் புகைத்தனர். அவையும் நெருப்பே, அவற்றாலும் வீடுகள் எரிந்ததுண்டு. ஆனால் தணல் கண்ணுக்குத் தெரிந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களிலே, கிடுகுக் கூரை வேய்ந்த வீட்டுப் பெண்கள் அடுப்பில் நீர் தெளித்த பின்னரே வயலுக்குப் புறப்படுவர். சுவரிற் செருகிய கருவியையோ நாம் நெருப்பென்று எண்ணுவதில்லை. இரவும் பகலும், வெளியூர் செல்லும்போதும், அது எரிந்துகொண்டேயிருக்கிறது.

எமது பகுதிக்கே உரிய இன்னொன்றும் உண்டு. 2011 ஜனவரி வெள்ளத்தை மறந்தவர் இங்கு இலர். வெள்ளம் வடிந்தவுடன் வீடு பூஞ்சண நாற்றம் வீசும். அதனை ஒழிக்க முதலில் வாங்குவது நறுமணக் கருவிதான். அதனைச் செருகுவதோ சேறும் ஈரமும் புகுந்த குதையில். நீர் தொட்ட குதையை மின்வினைஞர் ஒருவர் திறந்து பார்த்து, உலர்த்தி அல்லது மாற்றித் தரும்வரை எதனையும் செருகாதிருத்தல் வேண்டும். நாற்றத்துக்குச் சன்னலைத் திறந்து வைப்பதே தக்கது. மெத்தையை வெயிலிற் போடுவது அதனினும் நன்று.

வெள்ளம் வராத வீட்டிலும் குதையின் முகப்பு மஞ்சளித்திருந்தாலோ, செருகியைக் கழற்றும்போது முள் சுட்டாலோ, கேத்தலை இயக்கும்போது மட்டும் வாடை வந்தாலோ, ஆளியை நிறுத்திவிட்டு அந்தக் குதையைக் கைவிடுங்கள். புதிய குதையின் விலை ஒரு மாத நறுமணத் திரவத்தின் விலையை ஒட்டியதே. சுடர் கண்டால் தண்ணீர் ஊற்றவேண்டாம். பிரதான ஆளியை நிறுத்துங்கள். அதனை அணுக இயலாதாயின், வீட்டாரை வெளியே அழைத்துச் செல்லுங்கள். மட்டக்களப்பு நகரிலிருந்து தீயணைப்பு வண்டி எம்மூருக்கு வர ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் ஓடவேண்டும்.

தாயாரின் அறையில் இப்போது கேத்தல் இல்லை. குதையை மாற்றி, கட்டிலை அச்சுவரிலிருந்து விலக்கி, வலையை மறுபுறம் கட்டியிருக்கிறோம். மகள் வாங்கி வந்த கருவி அலுமாரியின் மேல் கிடக்கிறது. சென்ற கிழமை அறையில் மீண்டும் மீன் வாடை வந்தது. தாயார் என்னை அழைத்துச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுவர் குளிர்ந்திருந்தது. குசினியில் என் மனைவியார் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.