போன பெருநாளுக்கு ஒன்றும் ஆகவில்லையே!

"போன பெருநாளுக்கும் இதே கறுப்பு மருதோன்றியைத்தானே போட்டோம்? ஒன்றும் ஆகவில்லையே!"

கை சிவந்து, கொப்புளித்து, அரிப்பும் எரிவுமாகத் தவிக்கும் மகளைப் பார்த்து எத்தனை தாய்மார் இப்படிக் கேட்டிருப்பார்கள்! சகோதரிகளே, பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கின்றது. போன பெருநாளுக்குப் போட்டதால்தான் இந்தப் பெருநாளுக்கு இப்படியானது.

நமது உடலின் நிர்ப்பீடனத் தொகுதிக்கு நல்ல ஞாபகசக்தி உண்டு. ஒரு முறை கண்ட கிருமியை அது மறப்பதில்லை. பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசி வேலை செய்வதும் இதனால்தான். ஆனால் சில வேளைகளில் தீங்கற்ற ஒரு பொருளையும் அது எதிரியென்று பதிந்து வைத்துக்கொள்கிறது. மறுமுறை அப்பொருள் வரும்போது நடக்கும் சண்டையில் அடிபடுவது நமது உடல்தான். இதுவே ஒவ்வாமை.

1963ஆம் ஆண்டில் ஜெல், கூம்ஸ் என்ற இரு பிரித்தானிய விஞ்ஞானிகள் இத்தகைய தாக்கங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். நான்கையும் நாம் அறிந்திருப்பது நல்லது.

நிமிடங்களில் வருவது

இறால், கச்சான், குளவிக் கொட்டு, பெனிசிலின் மருந்து போன்றவற்றால் வருவது முதல் வகை. முன்பே உருவான பிறபொருளெதிரிகள் மாஸ்ட் கலங்கள் என்பவற்றில் ஒட்டிக் காத்திருக்கும். அப்பொருள் மீண்டும் வந்ததும் அக்கலங்கள் ஹிஸ்டமினை வெளிவிடும். உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், தும்மல் என்பன தோன்றும். மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ உயிருக்கே ஆபத்து. அப்போது ஒரு குளிசையைக் கொடுத்துவிட்டுப் பார்த்திருக்க வேண்டாம். தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே தொடையில் ஏற்றப்படும் அட்ரினலின் ஊசியே உயிர்காக்கும் மருந்து. போகும் வழியில் நோயாளியை நடக்க விடாதீர்கள். மயக்கமென்றால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரவையுங்கள்.

இரண்டாவது பிள்ளையைத் தேடி வருவது

இரண்டாம் வகையில் பிறபொருளெதிரிகள் நேராகக் கலங்களையே தாக்கும். தாயின் இரத்தம் றீசஸ் நெகட்டிவ், பிள்ளையுடையது பொசிட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். முதற் பிரசவத்தில் பிள்ளையின் இரத்தம் சிறிதளவு தாயின் இரத்தத்தில் கலக்கலாம். தாயின் உடல் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். முதற் பிள்ளை பொதுவாகத் தப்பிவிடும். அடுத்த பிள்ளையும் பொசிட்டிவாக இருந்தால் வயிற்றிலேயே அதன் செங்குருதிக் கலங்கள் அழிக்கப்படலாம். பிரசவித்து 72 மணித்தியாலத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டுக்கொண்டால் இந்த ஞாபகம் பதியாமல் தடுக்கலாம். உங்கள் இரத்த வகை உங்களுக்குத் தெரியுமா? கருச்சிதைவு ஏற்பட்டாலும் அதை வைத்தியரிடம் சொல்லத் தவறாதீர்கள்.

ஒரு வாரம் கழித்து வருவது

பாம்பு கடித்தவருக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்து பெரும்பாலும் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுகின்றது. அந்த அந்நியப் புரதமும் நமது பிறபொருளெதிரிகளும் பிணைந்து மூட்டுகளிலும் தோலிலும் சிறுநீரகத்திலும் படியலாம். நோயாளி வீடு திரும்பி, மருந்து ஏற்றி ஒன்றிரண்டு வாரமானபின் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வரும். வேறு நோயென்று எண்ணிவிடாமல், விஷமுறிவு மருந்து ஏற்றியதை வைத்தியரிடம் கூறவேண்டும். உயிர்காக்கும் அம்மருந்துக்குப் பயப்படவும் கூடாது.

இரண்டு மூன்று நாளில் வருவது

நமது மருதோன்றிக் கதை நான்காவது வகை. இங்கே வேலை செய்வது பிறபொருளெதிரியல்ல, ரீ கலங்கள். அவை திரண்டுவரக் காலமெடுக்கும். அசல் மருதோன்றி இலை செம்மண்ணிறமாகவே சிவக்கும். அதனால் ஒவ்வாமை வருவது அரிது. சீக்கிரமே கன்னங்கரேலென்று பிடிக்கும் "கறுப்பு மருதோன்றி"யில் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற இரசாயனம் கலந்திருக்கக்கூடும். ஒரு தடவை அது ஒவ்வாமல் போனால் பின்னொரு காலத்தில் தலைக்குச் சாயம் பூசும்போதும் முகம் வீங்கலாம். கவரிங் தோட்டிலுள்ள நிக்கல் காதைப் புண்ணாக்குவதும் இதே விதமாகத்தான்.

எனவே, "முன்பு ஒன்றும் ஆகவில்லை" என்பதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். என்ன சாப்பிட்டது, என்ன பூசியது, எத்தனை மணிக்கு, எப்போது தடித்தது என்பதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். நிமிடமா, நாளா, வாரமா என்ற அந்தக் கணக்கே வைத்தியருக்கு வழிகாட்டும். ஒவ்வாத மருந்தின் பெயரை எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா சந்தேகத்தில் பிள்ளையின் மீனையும் முட்டையையும் நிறுத்திவிடவும் வேண்டாம்.

வரும் பெருநாளுக்கு மகளின் கையை நீட்டச் சொல்லுமுன், முற்றத்து மருதோன்றிச் செடியில் நான்கு கொத்து இலை பறித்து அரைத்துப் பாருங்கள். நிறம் சற்றுக் குறைந்தாலும் கை பத்திரமாக இருக்கும்.