டில்லிக் குவிமாடமும் தென்கரைத் திண்ணையும்

பாம்பனைக் கடந்து, தங்கச்சிமடத்தையும் தாண்டினால் பேக்கரும்பு. அங்கே நாள்தோறும் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். கோவிலுக்கு அல்ல, தோழர்களே! ஓடக்காரர் வீட்டில் பிறந்து, நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்துல் கலாமின் நினைவிடத்துக்கு!

அந்த வரிசையில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றார். வலையிழுத்துக் காய்த்துப்போன கை. உப்புக் காற்றில் கறுத்த முகம். வாயிலை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இது எந்த ஊருக் கட்டடம்? நம்ம பக்கம் இப்படி எதுவும் பார்த்ததில்லையே!"

எளிய கேள்விதான். ஆனால் ஏடுகள் பல புரட்டியோரும் எண்ணிப் பார்க்காத கேள்வி!

முன்வாயில், டில்லி இந்தியா கேட்டின் சாயல். மேலே எழும் குவிமாடங்கள், குடியரசுத் தலைவர் மாளிகையின் சாயல். அந்த இரண்டையும் வரைந்தவர் யார்? எட்வின் லட்யன்ஸ் எனும் ஆங்கிலேயர். எதற்காக வரைந்தார்? ஒன்று, வெள்ளையனின் போர்களில் மாண்ட இந்தியச் சிப்பாய்களுக்கு நினைவுச் சின்னம். மற்றொன்று, வைசிராய் வீற்றிருந்து நம்மை ஆள்வதற்கான மாளிகை! 1931 பிப்ரவரியில் புதுடில்லியை ஆரவாரத்துடன் திறந்து வைத்தார்கள். அதே 1931 அக்டோபரில், இராமேசுவரம் மசூதித் தெருவில் ஒரு குழந்தை பிறந்தது. ஆதிக்கம் வடக்கே கல்லாக எழுந்த ஆண்டிலேதான் அறிவு தெற்கே குழந்தையாகத் தவழ்ந்தது! அந்தக் குழந்தையின் கல்லறை மீது, 2017 ஜூலை 27 இல், அதே வைசிராய் மாளிகையின் நிழல் விழுந்தது!

கட்டியவர்கள் மீது நான் குற்றம் சாட்ட வரவில்லை. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையினர் பற்றோடுதான் கட்டினர். "அவர் 2002 முதல் 2007 வரை வாழ்ந்த மாளிகை ஆயிற்றே, அதைக் காட்டினால் என்ன?" என்று கேட்கலாம். "அந்தக் குவிமாடம் சாஞ்சித் தூபியைப் பார்த்து வரைந்ததுதானே?" என்றும் கேட்கலாம். இருக்கட்டும்! ஐந்தாண்டு குடியிருந்த மாளிகை நினைவுக்கு வந்தது. அவரை ஆளாக்கிய படகு ஏன் நினைவுக்கு வரவில்லை? யாத்திரிகரை ஏற்றித் தனுஷ்கோடிக்குச் சென்ற தந்தையின் படகு, புயலில் சிதைந்த படகு, அதன் வளைவு ஒரு வாயிலாகக் கூடாதா? பெருமை என்றால் டில்லி போல் இருக்க வேண்டும் எனும் எண்ணம் இருக்கிறதே, அதுதான் வெள்ளையன் விட்டுச்சென்ற விலங்கு. காலில் பூட்டியது கழன்றுவிட்டது. கண்ணில் பூட்டியது இன்னும் கழலவில்லை!

அருங்காட்சியகம் எனும் அமைப்பையே எண்ணிப் பாருங்கள். 1851 இல் சென்னையில் தொடங்கினார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் என்ன? "செத்த காலேஜ்!" விலங்குகள் இருந்த இடத்துக்கு "உயிர் காலேஜ்!" படிக்காதவன் வைத்த பெயர் அது. எவ்வளவு கூர்மை! மண்ணிலிருந்து பிடுங்கி, கண்ணாடிக்குள் அடைத்து, புரியாத மொழியில் சீட்டு ஒட்டினால், பொருள் செத்துத்தானே போகும்? ஆதிச்சநல்லூரை 1876 இல் தோண்டினார் ஜெர்மானியர் ஜாகர். தோண்டியெடுத்தவை பெர்லின் போயின. அமராவதிச் சிற்பங்கள் இலண்டன் போயின. ஊர் இங்கே, பொருள் அங்கே! பாட்டன் சொத்தைப் பார்க்கப் பேரனுக்குக் கப்பல் ஏற வேண்டிய கதி!

இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசம் இருக்கிறது. சேதுபதிகளின் கொலு மண்டபம். சுவரெல்லாம் வண்ண ஓவியம். மராட்டியருடன் நடந்த போர் உண்டு; மன்னரைக் காண வந்த ஐரோப்பியரும் உண்டு. ஆம், ஓவியத்தில் வெள்ளையன் காண வந்தவன். ஆனால் 1798 செப்டம்பரில் அதே மண்டபத்தில் கும்பெனிக் கலெக்டர் ஜாக்சன் அமர்ந்திருந்தான். கட்டபொம்மனை நிற்க வைத்தே கேள்வி கேட்டான்! இன்று அது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். ஒரு கூடத்தில் யார் அமர்வது, யார் நிற்பது என்பதுதான் ஆட்சி. அருங்காட்சியகக் கட்டடத்துக்கும் அதுவே கேள்வி!

இதை ஏன் இப்போது பேசுகிறேன்? 2025 மார்ச்சில் வந்த தமிழக வரவு செலவுத் திட்டத்தில், இராமநாதபுரத்தில் 21 கோடி ரூபாயில் "நாவாய்" அருங்காட்சியகம் அமையும் என்று அறிவிக்கப்பட்டது. பாண்டியரின் கடல் வாணிகத்தை விளக்குவது அதன் நோக்கம். வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே அழகன்குளம். 1986-87 முதல் பல முறை மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தது. ரோமானியக் காசு கிடைத்தது, மதுச்சாடியின் துண்டு கிடைத்தது, கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தது! இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே உலகம் வந்து இறங்கிய கரை இது. இந்தக் கரையின் கதையைச் சொல்லும் கட்டடம் எப்படி இருக்க வேண்டும்?

அதே வைகையின் கரையோரம் கீழடி வழி காட்டியிருக்கிறது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டின் பாணியில், ஓட்டுக் கூரையும் முற்றமுமாக நிற்கிறது. அகழ்ந்த பொருள் அகழ்ந்த மண்ணருகிலேயே இருக்கிறது. பாராட்டுகிறேன்!

ஆனால் ஓர் எச்சரிக்கை. வெள்ளையன் குவிமாடத்தை இறக்கிவிட்டு, நம்மூர்ச் செல்வர் மாளிகையை ஏற்றி வைத்தால் வேலை முடிந்துவிடுமா? செட்டிநாட்டுத் தேக்கு பர்மாக் காட்டுத் தேக்கு. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதியாரும் அமர்ந்தார்களா? அடுக்களைப் பெண் முன்கூடத்துக்கு வந்தாளா? அன்னியன் பூட்டிய கதவைத் திறப்பது பாதி விடுதலை. நாமே நம்மவருக்குப் பூட்டிய கதவைத் திறப்பது மீதி விடுதலை!

ஆப்பிரிக்காவைப் பாருங்கள். செனகல் நாட்டின் டக்கார் நகரில் 2018 டிசம்பரில் கறுப்பின நாகரிகங்களின் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதன் வட்ட வடிவம், நடுவே மழைநீரை ஏந்தும் அவர்கள் நாட்டுக் குடிசையிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரன் அரண்மனையிலிருந்து அல்ல! கட்டிக் கொடுத்தது சீனப் பணம். ஆயினும் உருவம் சொந்த ஊருடையது. தொலைவுக்கு ஏன் போக வேண்டும்? நம் கீழக்கரைக்கு வாருங்கள். அங்கே பழைய பள்ளிவாசல், தமிழகக் கல்தச்சரின் உளி செதுக்கிய தூண் மண்டபமாகவே நிற்கிறது. தொழுகை அரபு மொழியில். தூண் தமிழ்த் தூண்! மண்ணின் கைத்திறனை மதித்தால் மார்க்கம் குறைந்துவிடாது என்று அந்தக் கல் பேசுகிறது.

ஆகவே, நாவாய்க்குத் திட்டம் தீட்டுவோரிடம் நாம் கேட்பது இவ்வளவே:

முன்னால் படிக்கட்டு மேடை வேண்டாம். எவரும் அமரும் திண்ணை வேண்டும். கண்ணாடிக் கூண்டு வேண்டாம். உப்புக் காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது, சுண்ணாம்புச் சாந்தும் தாழ்வாரமும் நிழலும் வேண்டும். விளக்கச் சீட்டில் தமிழ் முதலில், பெரிய எழுத்தில், மீனவர் மகள் படித்துப் புரியும் தமிழில். மன்னன் பெயரோடு முத்துக்குளித்தவன், வள்ளம் செய்த தச்சன், பாய் தைத்தவன் கதையும் வேண்டும். படகு கட்டும் முதியவரே வழிகாட்டியாக நின்று, கூலி பெற்றுக் கதை சொல்ல வேண்டும். பகலெல்லாம் உழைப்பவனுக்காக மாலையிலும் கதவு திறந்திருக்க வேண்டும்.

வரிசை நகர்ந்தது. பெரியவர் உள்ளே போய்ப் படங்களைப் பார்த்தார், வெளியே வந்து கண் துடைத்துக் கொண்டார். "நல்ல மனுசன் தம்பி. ஆனா இவ்வளவு பெரிய வாசல்ல நுழைய எனக்கே கூச்சமா இருந்துச்சு" என்றார்.

அவர் தம் வீட்டுப் பிள்ளையைப் பார்க்க வந்தவர்! அவருக்கா கூச்சம்? அடுத்த கட்டடத்தில் அந்தக் கூச்சம் இருக்கக் கூடாது, தோழர்களே. செத்த காலேஜுகள் போதும். உழைத்தவன் தலைநிமிர்ந்து நுழையும் உயிருள்ள வீடொன்று இந்தக் கரையில் எழட்டும்!