இரு தேதிகளுக்கு இடைப்பட்ட நாட்பட்டியல் உருவாக்கம்

இரு தேதிகளுக்கு இடைப்பட்ட நாட்பட்டியல் உருவாக்கம் என்பது, ஒரு தொடக்கத் தேதியும் ஒரு முடிவுத் தேதியும் தரப்படும்போது, அவற்றுக்கு இடையில் வரும் எல்லா நாட்களையும் வரிசையாகக் கணினி நிரல் மூலம் பெறும் முறையாகும். விடுப்புக் கணக்கு, விடுதி அறை முன்பதிவு, வட்டிக் கணக்கு, வருகைப் பதிவேடு, விற்பனை அறிக்கை ஆகியவற்றில் இது பயன்படுகிறது. பார்வைக்கு எளிய பணியே. ஆயினும் ஒரு நாள் கூடினாலோ குறைந்தாலோ சம்பளமும் வட்டியும் வாடகையும் மாறிவிடும் என்பதால், இதில் கவனம் தேவைப்படுகிறது.

அடிப்படை முறை

தொடக்கத் தேதியை ஒரு மாறியில் வைத்து, அது முடிவுத் தேதியைத் தாண்டாத வரை மடக்கு ஒன்றை இயக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அத்தேதியைப் பட்டியலில் சேர்த்து, பின் ஒரு நாளைக் கூட்ட வேண்டும்.

மற்றொரு முறையில், இரு தேதிகளின் வேறுபாடு முதலில் நாட்களில் கணக்கிடப்படுகிறது. பின்னர் 0 முதல் அந்த எண் வரை ஒவ்வோர் எண்ணையும் தொடக்கத் தேதியுடன் கூட்டினால் பட்டியல் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 2024 பிப்ரவரி 25 முதல் மார்ச் 2 வரை உள்ள வேறுபாடு 6 நாட்கள். பட்டியலில் வரும் தேதிகள் 7. அதே தேதிகளை 2023ஆம் ஆண்டுக்கு எடுத்தால் வேறுபாடு 5, தேதிகள் 6. நெட்டாண்டில் வரும் பிப்ரவரி 29 இந்த வித்தியாசத்தைத் தருகிறது. மாதத்துக்கு எத்தனை நாள் என்பதை நிரலர் தாமே எழுதாமல், மொழியில் உள்ள தேதி வகையிடம் விட்டுவிடுவதே பாதுகாப்பானது.

முடிவு நாள் சேருமா?

இப்பணியில் மிகுதியாக நேரும் பிழை, முடிவுத் தேதியைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் எழுகிறது. இதற்கான விடை பயன்பாட்டைப் பொறுத்தது. ஊழியர் ஒருவர் 10ஆம் தேதி முதல் 13ஆம் தேதி வரை விடுப்பு எடுத்தால் அது 4 நாள். விடுதி அறையில் 10ஆம் தேதி நுழைந்து 13ஆம் தேதி வெளியேறினால் கட்டணம் 3 இரவுகளுக்கே. முதலாவதில் முடிவு நாள் சேர்கிறது, இரண்டாவதில் சேர்வதில்லை. இரண்டாம் வகை அரைத்திறந்த இடைவெளி எனப்படும். ஒருவர் வெளியேறும் நாளிலேயே அடுத்தவர் நுழையலாம் என்பதால், முன்பதிவு மென்பொருளுக்கு இதுவே பொருந்தும்.

நிரல்மொழிகளும் இதில் ஒன்றுபடுவதில்லை.

- போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ‘ஜெனரேட் சீரீஸ்’ செயற்கூறு முடிவுத் தேதியையும் சேர்க்கிறது.
- பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் உள்ள ‘டேட் ரேஞ்ச்’ இயல்பாக இரு முனைகளையும் சேர்க்கிறது.
- ஜாவா 9இல் வந்த ‘டேட்ஸ் அன்டில்’ முடிவுத் தேதியை விட்டுவிடுகிறது.
- பிஎச்பியின் ‘டேட் பீரியட்’ இயல்பாக முடிவுத் தேதியை விடுகிறது. அதைச் சேர்க்கும் விருப்பம் 8.2ஆம் பதிப்பில் வந்தது.

ஆகவே ஒரு மொழியில் எழுதிய நிரலை மற்றொன்றுக்கு மாற்றும்போது, கடைசி நாள் எவ்விதப் பிழைச் செய்தியும் இன்றி மறைந்துபோகக்கூடும்.

24 மணி நேரம் ஒரு நாள் ஆகாத இடங்கள்

ஒரு நாளைக் கூட்டுவதும் 24 மணி நேரத்தைக் கூட்டுவதும் ஒன்றல்ல. கோடைகால நேரமாற்றம் உள்ள நாடுகளில் ஆண்டுக்கு ஒரு நாள் 23 மணி நேரமும், மற்றொரு நாள் 25 மணி நேரமும் கொண்டிருக்கும். நியூயார்க்கில் 2024 நவம்பர் 3 அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தள்ளப்பட்டது. அன்று நள்ளிரவு 12 மணியுடன் 24 மணி நேரத்தைக் கூட்டினால், அதே நவம்பர் 3 இரவு 11 மணியே வரும். பட்டியலில் அத்தேதி இருமுறை இடம்பெறும். முடிவு எல்லை நவம்பர் 5 நள்ளிரவு 12 மணி எனில், நவம்பர் 5 விடுபட்டுப்போகும்.

பிரேசிலின் சாவோ பாவுலோவில் 2018 நவம்பர் 4 அன்று நள்ளிரவிலேயே கடிகாரம் 1 மணிக்கு முன்தள்ளப்பட்டது. அந்த நாளுக்கு 12 மணி என்ற தொடக்கமே இல்லை. இந்தியாவில் இப்போது இத்தகைய நேரமாற்றம் இல்லாததால், இங்கு சோதித்துப் பார்க்கும் நிரலில் இப்பிழை வெளிப்படாது. வெளிநாட்டுப் பயனரிடம் சென்ற பிறகே தெரியவரும். நேரமும் நேர வலயமும் இல்லாத, தேதி மட்டும் கொண்ட தரவு வகையைப் பயன்படுத்துவது இதற்குத் தீர்வாகும். அத்தகைய வகை இல்லாத இடத்தில், ஒருங்கிணைந்த உலக நேரத்தில் கணக்கிடலாம்.

மாதப் படிகள்

மாதத் தவணைப் பட்டியல் போன்றவற்றில் ஒரு மாதம் ஒரு மாதமாகக் கூட்ட வேண்டியிருக்கும். ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால், ஜாவாவின் தேதி வகை பிப்ரவரியின் கடைசி நாளைத் தருகிறது. ஜாவாஸ்கிரிப்டோ மிகுதி நாட்களை மார்ச்சுக்குத் தள்ளிவிடுகிறது. முதல் வகையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு முறையும் முந்தைய விடையுடன் ஒரு மாதத்தைக் கூட்டினால், ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 28 என வரிசை நழுவி, மீண்டும் 31க்குத் திரும்பாது. தொடக்கத் தேதியுடனேயே 1, 2, 3 மாதங்கள் எனக் கூட்டினால் ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31 எனச் சரியாக அமையும்.

அறிக்கைகளில் பயன்

தரவுத்தளத்தில் விற்பனையை நாள்வாரியாகத் தொகுக்கும்போது, விற்பனையே நடக்காத நாளுக்கு வரிசை எதுவும் வராது. 7 நாட்களில் 5 நாள் மட்டும் விற்பனை நடந்து மொத்தம் 700 ரூபாய் எனில், இருக்கும் வரிசைகளைக் கொண்டு கணக்கிடும் சராசரி 140 ரூபாய். உண்மையான நாள் சராசரி 100 ரூபாய். முழு நாட்பட்டியலை முதலில் உருவாக்கி, அதனுடன் விற்பனை அட்டவணையை இடது இணைப்பாகச் சேர்த்து, வெற்றிடங்களில் 0 இட்டால் இப்பிழை நீங்கும். பெரிய நிறுவனங்களில் இதற்கென நிலையான நாட்காட்டி அட்டவணை ஒன்று வைக்கப்படுவதும் உண்டு. வார விடுமுறை, அரசு விடுமுறை, நிதியாண்டு ஆகிய விவரங்களை அதிலேயே குறித்துக்கொள்ளலாம்.

வரலாற்று விதிவிலக்குகள்

சமோவா நாடு பன்னாட்டுத் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியபோது, 2011 டிசம்பர் 30 என்ற நாளே அங்கு வரவில்லை. பிரிட்டனில் 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆகும். அம்மாதத்தில் 19 நாட்களே இருந்தன. பைத்தானின் தேதி வகை கிரெகொரியின் நாட்காட்டியைப் பழங்காலத்துக்கும் நீட்டிப்பதால், அதே மாதத்துக்கு 30 தேதிகளைத் தரும். எக்செல் மென்பொருளோ, நெட்டாண்டு அல்லாத 1900இல் பிப்ரவரி 29 உள்ளதாகக் கொள்கிறது. லோட்டஸ் 1-2-3 மென்பொருளுடன் ஒத்துப்போவதற்காக இது அவ்வாறே வைக்கப்பட்டது.

சரிபார்ப்பு

நிரலைப் பயன்பாட்டுக்கு விடும்முன் சில நிலைகளைச் சோதிப்பது நல்லது. தொடக்கமும் முடிவும் ஒரே நாளாக இருத்தல், முடிவு தொடக்கத்துக்கு முந்தியிருத்தல், நெட்டாண்டுப் பிப்ரவரியைக் கடத்தல், ஆண்டு இறுதியைக் கடத்தல், நேரமாற்ற நாளைக் கடத்தல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. முடிவு நாள் சேர்கிறதா இல்லையா என்பதைச் செயற்கூற்றின் விளக்கக் குறிப்பிலேயே எழுதிவைத்தால், பின்னர் அந்நிரலைக் கையாள்பவர் ஊகிக்க வேண்டியிராது.