எந்த ஊருக்குப் போகலாம்?

கோலார் தங்கவயலில் ஒரு குடும்பம். தாத்தா, மகன், மருமகள், பேத்தி என்று நான்கு பேர். ஊர் இருப்பது கர்நாடக மாநிலத்தில். வீட்டில் பேசுவது தமிழ்.

தாத்தா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். பூமிக்கு அடியில் பாறையில் துளை போடும் வேலை. 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. இப்போது தாத்தாவுக்கு வயது 74. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும்.

மகன் தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார். மருமகள் இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். பேத்தி ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

மருமகள் இரண்டு வருடமாக உண்டியலில் பணம் சேர்த்தார். "மாமா வெளியூரே பார்த்ததில்லை. ஒரு தடவையாவது கூட்டிப் போகணும்" என்பது அவர் ஆசை. டிசம்பர் மாதம் மகனுக்கு நான்கு நாள் விடுமுறை கிடைத்தது. உண்டியலைத் திறந்தார்கள்.

"எங்கே போகலாம்?" என்று பேச்சு வந்தது. ஆளுக்கு ஓர் ஊர் சொன்னார்கள். நம் நாட்டில் பழைய கோயில், கோட்டை, குகை, அரண்மனை என்று கணக்கில்லாமல் இருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை பாதுகாப்பவை மட்டும் 3,600க்கு மேல். எல்லாவற்றையும் பார்க்க ஓர் ஆயுள் போதாது. பிறகு எப்படித் தேர்ந்தெடுப்பது?

பேத்திதான் வழி சொன்னாள். "நோட்டைத் திருப்பிப் பாருங்க தாத்தா. பின்பக்கம் படம் இருக்கு!"

பாயில் ஆறு நோட்டு

2016ஆம் ஆண்டிலிருந்து புதிய வரிசை ரூபாய் நோட்டுகள் வந்தன. அவற்றில் ஆறு நோட்டுகளின் பின்பக்கம் ஆறு பழைய கட்டடங்களின் படம் இருக்கிறது. மருமகள் உண்டியல் பணத்திலிருந்து ஆறு நோட்டுகளை எடுத்தார். 10, 20, 50, 100, 200, 500. வரிசையாகப் பாயில் வைத்தார்.

10 ரூபாய்: கொனார்க். ஒடிசா மாநிலத்தில் கடற்கரை ஓரம் உள்ள சூரியன் கோயில். 13ஆம் நூற்றாண்டில் நரசிம்மதேவன் என்ற அரசர் கட்டியது. கோயிலையே சூரியனின் தேர் போல அமைத்தார்கள். 24 கல் சக்கரங்கள், 7 குதிரைகள். ஒவ்வொரு சக்கரமும் ஆள் உயரத்தைவிடப் பெரியது. நோட்டில் இருப்பது அந்தச் சக்கரம்தான். பெரிய கோபுரம் எப்போதோ இடிந்துவிட்டது. முன் மண்டபம் மட்டும் நிற்கிறது. அதுவும் விழாமல் இருக்க உள்ளே மணலைக் கொட்டி அடைத்தார்கள்.

20 ரூபாய்: எல்லோரா. மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ளது. மலையைக் குடைந்து 34 குகைகள். பௌத்தம், இந்து, சமணம் என்று மூன்று சமயக் குகைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதில் கைலாசநாதர் கோயில் பெரிய அதிசயம். கல் அடுக்கிக் கட்டிய கோயில் இல்லை அது. 8ஆம் நூற்றாண்டில் ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்து செதுக்கினார்கள்.

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேலிருந்து கீழே வெட்டினாங்களா? ஒரு அடி தப்பா போனா ஒட்ட வைக்க முடியாதே!" என்றார்.

50 ரூபாய்: ஹம்பி. கர்நாடகத்தில் துங்கபத்ரா ஆற்றங்கரையில் உள்ளது. 1336ஆம் ஆண்டு தொடங்கிய விஜயநகரப் பேரரசின் தலைநகரம். தமிழ்நாடும் அந்த அரசின் கீழ் இருந்தது. 1565ஆம் ஆண்டு நடந்த பெரிய போரில் விஜயநகரம் தோற்றது. அதன்பின் நகரம் பாழானது. கோயில், கடைவீதி, யானைக் கொட்டில் எல்லாம் பாறைகளுக்கு நடுவே பரந்து கிடக்கின்றன. நோட்டில் இருப்பது விட்டலர் கோயிலின் கல் தேர்.

100 ரூபாய்: ராணி கி வாவ். குஜராத் மாநிலத்தில் பாட்டன் என்ற ஊரில் உள்ள படிக்கிணறு. 11ஆம் நூற்றாண்டில் உதயமதி என்ற ராணி, இறந்துபோன தன் கணவர் பீமதேவன் நினைவாகக் கட்டியதாகச் சொல்வார்கள். ஏழு அடுக்கு ஆழம். இறங்கும் வழியெல்லாம் சிற்பங்கள். பிற்காலத்தில் ஆற்று வெள்ளத்தில் வண்டல் வந்து கிணறு மூடிவிட்டது. 20ஆம் நூற்றாண்டில் வண்டலை அகற்றி வெளியே கொண்டுவந்தார்கள்.

200 ரூபாய்: சாஞ்சி. மத்தியப் பிரதேசத்தில் போபால் நகருக்குப் பக்கத்தில் உள்ளது. அசோகர் தொடங்கிவைத்த பௌத்த தூபி. சுமார் 2,200 வருடம் பழமையானது.

500 ரூபாய்: செங்கோட்டை. டெல்லியில் உள்ளது. மொகலாய அரசர் ஷாஜகான் 1639 முதல் 1648 வரை கட்டினார். ஒவ்வொரு ஆகஸ்டு 15ஆம் தேதியும் பிரதமர் தேசியக் கொடி ஏற்றுவது இங்கேதான்.

இந்த ஆறு இடங்களும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் இருக்கின்றன. அதாவது, உலகம் முழுவதற்கும் பொதுவான சொத்து என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவை.

மருமகளின் ஆசை

"எனக்கு சாஞ்சிதான் பார்க்கணும்" என்றார் மருமகள். இரவு வகுப்பில் சாஞ்சியைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள்.

அந்தத் தூபியைச் சுற்றிக் கல் வேலி உண்டு. அதில் நூற்றுக்கணக்கான சிறு வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. பிராமி என்ற பழைய எழுத்து அது. பல நூறு வருடங்கள் அதை யாராலும் படிக்க முடியவில்லை. 1837ஆம் ஆண்டு ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேயர் அந்த வரிகளின் நகல்களை வரிசையாக வைத்துப் பார்த்தார். பெரும்பாலான வரிகள் ஒரே மாதிரி எழுத்துகளில் முடிந்தன. "பொருள் கொடுத்தவர் பெயர் முதலில் இருக்கும். கடைசியில் தானம் என்று இருக்கும்" என்று அவர் ஊகித்தார். ஊகம் சரியாக இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்ற எழுத்துகளையும் படித்தார். நாம் இன்றும் சொல்லும் அதே 'தானம்'தான்.

கொடுத்தவர்கள் யார்? வணிகர்கள், துறவிகள், குடும்பப் பெண்கள். ஒரு வாசலில் தந்தத்தில் வேலை செய்யும் கைவினைஞர்களும் தங்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள்.

"அவரும் நம்ம மாதிரி எழுத்துக் கூட்டித்தான் படிச்சிருக்கார்" என்றார் மருமகள்.

நான்கு கேள்விகள்

ஆசை பல இருந்தது. நாள் நான்குதான் இருந்தது. அதனால் நான்கு கேள்விகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள்.

முதல் கேள்வி: போகவும் வரவும் எத்தனை நாள்? டெல்லிக்குப் போக மட்டும் ஒன்றரை நாள் ரயில். குஜராத்தும் தூரம். போபால், ஒடிசா போகவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஹம்பிக்கு பெங்களூரில் இரவு ரயில் ஏறினால் காலையில் ஹொசபேட்டை. அங்கிருந்து 13 கிலோமீட்டர் பஸ்.

இரண்டாவது கேள்வி: யார் வருகிறார்கள்? தாத்தாவால் அதிகம் படி ஏற முடியாது. படிக்கிணற்றில் இறங்கினால் ஏற வேண்டும். எல்லோராவில் 34 குகைகளுக்கும் நடை அதிகம். ஹம்பியிலும் குன்றுகள் உண்டு. ஆனால் முக்கியமான இடங்கள் பல தரையில் இருக்கின்றன. விட்டலர் கோயிலுக்கு பேட்டரி வண்டியில் போகலாம்.

மூன்றாவது கேள்வி: எந்த மாதம், எந்தக் கிழமை? ஹம்பி முழுக்கப் பாறை. சித்திரை, வைகாசியில் அனலாகக் கொதிக்கும். டிசம்பர் நல்ல மாதம். சில இடங்களுக்கு வார விடுமுறை உண்டு. செங்கோட்டைக்குத் திங்கள், எல்லோராவுக்குச் செவ்வாய், தாஜ் மகாலுக்கு வெள்ளி. கிழமை தெரியாமல் போனால் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நான்காவது கேள்வி: பணம் எவ்வளவு? நுழைவுச் சீட்டு பெரிய செலவு இல்லை. முக்கியமான இடங்களில் இந்தியர்களுக்கு 40 ரூபாய். மற்ற பல இடங்களில் 25 ரூபாய். 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இலவசம். ரயில், தங்கும் இடம், சாப்பாடு இவைதான் பெரிய செலவு. தூரம் கூடினால் இவையும் கூடும்.

நான்குக்கும் பதில் எழுதியபோது ஹம்பி வந்தது. மருமகளின் முகத்தைத் தாத்தா பார்த்தார்.

"நீ சேர்த்த பணம்மா. சாஞ்சிக்கே போங்க. நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்றார்.

"2,200 வருஷமா அங்கேயே இருக்கு மாமா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்காதா? இந்தத் தடவை நீங்க வரணும்" என்றார் மருமகள்.

ஹம்பியில்

ஹம்பியை ஒரே நாளில் இருபது இடம் காட்டுகிறோம் என்று ஆட்டோக்காரர்கள் கூப்பிடுவார்கள். இவர்கள் அப்படிப் போகவில்லை. இரண்டு நாளில் ஐந்து இடம் போதும் என்று முடிவு செய்தார்கள். காலையில் பார்த்தார்கள். மத்தியானம் ஓய்வு எடுத்தார்கள். மாலையில் மறுபடி கிளம்பினார்கள்.

முதல் நாள் விருபாட்சர் கோயில். நகரம் பாழான பிறகும் இங்கே பூஜை நிற்கவில்லை. இன்றும் நடக்கிறது. பிறகு நரசிம்மர் சிலை. 22 அடி உயரம். கிருஷ்ணதேவராயர் காலத்தில் 1528ஆம் ஆண்டு ஒரே பாறையில் செதுக்கியது.

போகும் வழியில் தாத்தா ஒரு பெரிய பாறை பக்கத்தில் நின்றுவிட்டார். பாறையின் ஓரத்தில் சிறுசிறு குழிகள் ஒரே கோட்டில் வரிசையாக இருந்தன. மற்றவர்கள் கவனிக்காமல் கடந்து போனார்கள். தாத்தா அருகே போய் உற்றுப் பார்த்தார்.

"இது இயற்கையா வந்த குழி இல்லை. துளை போட்டிருக்காங்க" என்றார். "நாங்க துளை போட்டு மருந்து வெச்சு உடைப்போம். இவங்க துளை போட்டு ஆப்பு வெச்சு அடிச்சிருக்காங்க. வரிசையா அடிச்சா கல்லு அந்தக் கோட்டிலேயே பிளக்கும். இதோ, இங்கே பாதி துளை போட்டுட்டு விட்டுட்டாங்க பாரு."

பேத்தி பலகையைக் கன்னடத்தில் படித்து எல்லோருக்கும் தமிழில் சொன்னாள். அரசர் பெயர் இருந்தது. ஆண்டு இருந்தது. கல் உடைத்தவர் பெயர் இல்லை.

"பேரு எதுக்கு? கை வேலை இருக்கே" என்றார் தாத்தா. அந்த இரண்டு நாளும் எந்தப் பாறையைப் பார்த்தாலும் அவரே விளக்கம் சொன்னார். பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர்களும் கேட்டார்கள்.

மறுநாள் கல் தேரைப் பார்த்தார்கள். பேத்தி 50 ரூபாய் நோட்டைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டாள். தூரத்திலிருந்து ஒரே கல் போலத் தெரிந்தது. கிட்டே போய் தாத்தா இணைப்புகளைக் காட்டினார். பல கற்களைச் சேர்த்துச் செய்தது அது. அந்தக் கோயிலில் தட்டினால் ஓசை தரும் தூண்களும் உண்டு. தேய்ந்துவிடும் என்பதால் தட்டக் கூடாது.

எங்கே பெயர் எழுதுவது?

ஒரு மண்டபத்துத் தூணில் ஆணியால் கீறிய பெயர்கள் நிறைய இருந்தன. மருமகளுக்கு வருத்தமாகிவிட்டது. பெயர் எழுதக் கற்றுக்கொள்ள அவர் எத்தனை இரவு உட்கார்ந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். கற்ற எழுத்தை இப்படியா எழுதுவது?

சாஞ்சியில் பெயர் இருப்பவர்கள் கட்டுவதற்குக் கொடுத்தவர்கள். இந்தத் தூணில் பெயர் இருப்பவர்கள் கெடுத்தவர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவது சட்டப்படி குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

அன்று இரவு மருமகள் நோட்டுப் புத்தகத்தில் பார்த்த ஐந்து இடங்களின் பெயரை எழுதினார். செலவுக் கணக்கு எழுதினார். கீழே நான்கு பேர் பெயரையும் எழுதினார். அடுத்த பக்கத்தின் மேலே 'சாஞ்சி' என்று எழுதி வைத்தார்.

ஊர் திரும்பியதும் காலி உண்டியலில் முதல் காசு போட்டவர் தாத்தா.

நினைவில் வையுங்கள்

எல்லா இடத்தையும் பார்க்க முடியாது. ஒன்றை நன்றாகப் பாருங்கள்.

வருகிறவர்களில் யாருக்கு உடல் தளர்ந்திருக்கிறதோ, அவரை நினைத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

புறப்படும் முன் விடுமுறைக் கிழமை, கட்டணம் இரண்டையும் விசாரியுங்கள்.

சுவரில் எழுதாதீர்கள். சிற்பத்தின் மேல் ஏறாதீர்கள். குப்பை போடாதீர்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் கையில் உள்ள நோட்டுகளில் என்ன படங்கள் இருக்கின்றன?

2. உங்கள் வீட்டில் நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் எங்கே போவீர்கள்? ஏன்?

3. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள பழைய கட்டடம் எது? அதை யார் கட்டியது என்று யாரிடம் கேட்கலாம்?

4. உங்கள் தொழில் தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியும் விஷயம் அங்கே ஏதாவது இருக்கிறதா?