நள்ளிரவிலும் தாழிடப்படாத கதவு

இரவு முதிர்ந்ததும் நமது ஊர்களில் கதவுகள் ஒவ்வொன்றாய் அடைபடுகின்றன. கடைகளும் அலுவலகங்களும் அடைபடுகின்றன. கள்வருக்கு அஞ்சி ஆலயங்களுங்கூடப் பூட்டப்படுகின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக் கதவு மட்டும் ஆண்டின் 365 நாளும் திறந்தே கிடக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் அக்கதவைத் தம் வாழ்வின் மிகக் கொடிய நாளன்றே முதன்முறை காண்கின்றன. அன்று எதையும் அறிந்துகொள்ளும் மனநிலை எவர்க்கும் இராது. ஆகவே அமைதியான ஒரு நாளில், அதனுள் உழைப்போர் யாவர், அவர்கள் எவ்வாறு பயில்கிறார்கள் என்பதைச் சற்று அறிந்துகொள்வோம்.

தனித் துறையான வரலாறு

‘காஷுவாலிட்டி’ என்ற பெயரே நம் மக்களுக்குப் பழக்கமானது. முன்னாளில் அங்கே முறைவைத்து ஒரு மருத்துவர் அமர்ந்திருப்பார். அவர் எத்துறையைச் சார்ந்தவராகவும் இருக்கலாம். விபத்துப் பதிவேட்டில் எழுதி, முதலுதவி தந்து, நோயாளியை உரிய வார்டுக்கு அனுப்புவது அவர் கடமை. பெரும் ஆபத்திலிருப்பவரை முதலில் காண்பவர் அதற்கெனவே பயின்றவராக இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் மெல்லத்தான் வேரூன்றியது. அமெரிக்காவின் அலெக்சாந்திரியா நகரில் 1961-இல் ஜேம்ஸ் மில்ஸ் என்னும் மருத்துவரும் தோழர் மூவரும் தம் சொந்த மருத்துவத் தொழிலை விட்டு, இரவும் பகலும் அவசரப் பிரிவிலேயே பணியாற்ற முன்வந்தனர். 1970-இல் சின்சினாட்டியில் இதற்கான முதுநிலைப் பயிற்சி தொடங்கியது. இந்தியாவில் அவசர மருத்துவம் தனித் துறையாக ஏற்கப்பெற்றது 2009-இல்தான்.

தந்தை ஒருவரின் துயரம்

1976 பிப்ரவரியில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் அமெரிக்க எலும்பு மருத்துவர் தம் மனைவியுடனும் மக்கள் நால்வருடனும் சிறு விமானமொன்றைத் தாமே ஓட்டி வந்தார். நெப்ராஸ்கா மாநிலத்து வயல்வெளியில் விமானம் விழுந்து நொறுங்கியது. மனைவி அவ்விடத்திலேயே மாண்டார். பிள்ளைகள் மூவர் கடுங்காயமுற்றனர். அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனைக்கு அவர்களைக் கொண்டு சேர்த்தபோது, பலத்த காயமுற்றோரை எம்முறையில் பேணுவது என்பதை அங்கிருந்தோர் அறியாதிருந்ததைக் கண்டார். பிறரானால் கசந்து போயிருப்பர். அவரோ நண்பர்களைக் கூட்டி, சிற்றூர் மருத்துவர்க்கென ஒரு பயிற்சியை வகுத்தார். 1978-இல் அது முதன்முதல் நடத்தப்பெற்றது. 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றது. இன்று பல நாட்டு மருத்துவர்கள் அதைப் பயில்கின்றனர்.

அப்பயிற்சியின் சாரம் எளியது. உயிரை விரைவிற் பறிப்பதை முதலில் தேடு என்பதே அது. முதலில் மூச்சுப்பாதை, அடுத்துச் சுவாசம், அடுத்து இரத்த ஓட்டம், பின்னர் மூளையின் நிலை, இறுதியாக உடல் முழுவதையும் திறந்து நோக்குதல். முறிந்து தொங்கும் கால் காண்போரைக் கலங்கச் செய்யும். ஆயினும் அடைபட்ட தொண்டையே சில நிமிடங்களில் உயிரைக் கொண்டுபோகும்.

முதலில் வந்தவர் காத்திருப்பது ஏன்?

“நாங்கள் முதலில் வந்தோம், எங்களை விட்டுவிட்டு அவரைப் பார்க்கிறார்களே!” என்ற குறை எங்கும் கேட்கப்படுகிறது. நெப்போலியனின் படையில் மருத்துவராயிருந்த லாரே என்பவர், காயத்தின் கடுமையே முறையைத் தீர்மானிக்க வேண்டும், படைவீரனின் பதவி அன்று எனக் கொண்டார். அவ்வழியே இன்றைய அவசரப் பிரிவும் நடக்கிறது. வாயிலிலேயே நாடி, சுவாசம், இரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூவகையாய்ப் பிரிக்கின்றனர். சிவப்புக்கு உடனடிச் சிகிச்சை; பச்சை சற்றுப் பொறுக்கலாம். காத்திருக்கச் சொல்லப்படுவது அவமதிப்பன்று. உங்கள் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்ற நற்செய்தி அது.

பயிலும் காலம்

பட்டப்படிப்பு நான்கரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு, நுழைவுத் தேர்வுக்குப் பின் மேலும் மூன்றாண்டு. இவ்வளவும் கடந்தே ஒருவர் அவசர மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெறுகிறார். மயக்க மருந்துத் துறையில் மூச்சுக்குழாயில் குழலிடக் கற்கிறார். குழந்தைகள் பிரிவில் நூலிழை போன்ற நரம்பில் ஊசியேற்றப் பழகுகிறார். இ.சி.ஜி. தாளை நொடியில் படிக்கவும், ஸ்கேன் கருவியால் வயிற்றினுள் கசியும் குருதியைக் காணவும் பயில்கிறார். இவையனைத்தினும் கடினமான பாடம், முழு விவரமும் கிட்டுமுன்னரே முடிவெடுப்பது.

நகரத்துப் பெரிய மருத்துவமனையில் உறுப்புக்கொரு நிபுணர் அழைத்த குரலுக்கு வருவார். மாவட்ட மருத்துவமனையில் நள்ளிரவில் அவ்வசதி அரிது. எனவே அங்குப் பயில்பவர் எல்லாவற்றிலும் சிறிது வல்லவராக வேண்டும். தம்மால் இயலாததை உணரவும் வேண்டும். “உடனே பெரிய ஊருக்கு அனுப்புங்கள்” என்று உறவினர் நெருக்குவர். மூச்சுப்பாதையைக் காக்காமலும், குருதிப்பெருக்கை நிறுத்தாமலும் அனுப்பப்பெறும் நோயாளி வழியிலேயே இறக்கக்கூடும். அரை மணி நேரம் தாமதித்து, நிலைப்படுத்தி, அங்குள்ள மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி அனுப்புவது காலத்தை வீணாக்குவதன்று.

பாம்புக்கடியும் கண்ணாடிக் குழாயும்

விலையுயர்ந்த கருவிகள் இன்றியும் உயிர் காக்கப்படுவதற்குப் பாம்புக்கடியே சான்று. கடிபட்டவரின் குருதியில் சிறிது எடுத்து, தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயிலிட்டு, இருபது நிமிடம் அசையாது வைக்கின்றனர். உறையாது நீராகவே நின்றால் விரியன் நஞ்சு உடலில் பரவியதற்கு அது அடையாளம். கட்டுவிரியனோ இரவில் தரையில் உறங்குவோரைத் தீண்டும். பல்தடமே தெரியாது போகலாம். வயிற்றுவலி, கண் இமை தொங்குதல், விழுங்க இயலாமை என்று நஞ்சு மெல்லத் தலைகாட்டும். இதை அறிந்த மருத்துவர் “வெறும் வயிற்றுவலி” என்று வீட்டுக்கு அனுப்பிவிடமாட்டார்.

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து குதிரைகளின் குருதியிலிருந்து செய்யப்படுகிறது. அதற்கான நஞ்சைச் சேகரித்துத் தரும் பணியில், 1978-இல் தொடங்கப்பெற்ற வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திற்குப் பெரும் பங்குண்டு. எழுத்தறிவற்றவர் என்று எண்ணப்பட்ட மக்களின் கைத்திறன் எத்தனையோ இல்லங்களில் விளக்கு அணையாது காத்திருக்கிறது! மந்திரிப்பதிலும், இறுகக் கட்டுவதிலும், கீறி உறிஞ்சுவதிலும் பொழுதைப் போக்குவோர் அம்மருந்தின் பயனை இழக்கின்றனர்.

மறைக்கப்படும் உண்மை

நோயிற்பூசுதல் அளிக்க அழைக்கப்பெற்று நாம் அப்பிரிவினுள் பன்முறை சென்றிருக்கிறோம். அங்கே நம்மை மிகவும் வருத்துவது, பூச்சிமருந்து அருந்தியவரைக் கொணரும் குடும்பத்தார் “ஏதோ உணவு ஒத்துக்கொள்ளவில்லை” என்று மறைப்பதே. மானத்திற்கும் காவல் துறைக்கும் அஞ்சுகின்றனர். மருத்துவர் உண்மையை ஊகித்தறியுமுன் அரிய நேரம் கழிகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், இத்தகையோரைக் கடும் மனவேதனைக்கு உள்ளானவராகவே கருதித் தண்டனையினின்று விலக்குகிறது. திருச்சபையும் அவர்கள்மீது தீர்ப்புக் கூறாது, இறை இரக்கத்தை நம்புகிறது. எனவே மருந்துப் புட்டியையோ அதன் பெயர்ச் சீட்டையோ கையோடு கொண்டு சென்று உள்ளதை உள்ளபடி உரையுங்கள். பிழைத்து வருபவரை ஏசாதீர்கள், தனிமையில் விடாதீர்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சமாரியனும் சட்டமும்

எரிக்கோ நெடுஞ்சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனை இருவர் கண்டும் விலகிச் சென்றனர் என்பதை நாம் அறிவோம். வழக்குக்கு அஞ்சி விலகுவோர் நம் சாலைகளிலும் உளர். இனி அந்த அச்சத்திற்கு இடமில்லை. எவ்வழக்காயினும் சிகிச்சையே முதற்கடமை என உச்ச நீதிமன்றம் 1989-இல் மருத்துவர்களுக்கு உணர்த்தியது. விபத்தில் உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்ற நெறிமுறைகளை 2016-இல் உறுதிசெய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டமும் அவர்க்குப் பாதுகாப்பளித்தது. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஊர்தி ஓடுகிறது. சாலை விபத்துற்றோர்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சையளிக்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பெற்றது.

அவர்களும் மனிதரே

இவ்வளவு செய்தும் காப்பாற்ற இயலாதவர் உண்டு. கையுறையைக் கழற்றிவிட்டு, வெளியே நிற்கும் தாயிடம் அச்செய்தியைக் கூறவேண்டியவர் பெரும்பாலும் முப்பது வயதும் எட்டாத இளைஞரே. அடுத்த நொடியே அடுத்த படுக்கைக்கு அவர் திரும்ப வேண்டும். துயரம் சினமாகி, மருத்துவரையும் செவிலியரையும் தாக்கும் கொடுமை ஆங்காங்கே நிகழ்கிறது. இதைத் தடுக்க 2008-இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் சட்டத்தினும் நமது பண்பே சிறந்த காவல். ஓங்கிய கை, அடுத்த கட்டிலில் கிடக்கும் குழந்தையின் சிகிச்சையையும் தடுத்துவிடுகிறது அன்றோ?

குடும்பங்கள் நினைவிற் கொள்ள

குருதி பெருகினால் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். வலிப்புக் கண்டவர் கையில் இரும்பைத் திணியாதீர்கள். வாயில் எதையும் இடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தீப்புண்ணில் மையும் மாவும் பற்பசையும் வேண்டாம். இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். திடீரென வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால், கடைசியாக நலமாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து நான்கரை மணி நேரத்துள் தரப்பட வேண்டும். மூச்சின்றி, உணர்வின்றிக் கிடப்பவரின் மார்பு நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை பலமாக அழுத்துங்கள்; உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

பங்கு மன்றங்களும் இளைஞர் இயக்கங்களும், ஞாயிறு பூசைக்குப்பின் அருகிலுள்ள மருத்துவர் ஒருவரை அழைத்து இதைக் கற்பிக்கச் செய்தல் நலம். மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளும், பெரும்பொருள் ஈட்டும் துறைகளை மட்டும் நோக்காது, இத்தாழிடப்படாத கதவையும் நோக்குவார்களாக. அங்கே வருவோர் தம் மருத்துவரின் பெயரையும் பெரும்பாலும் அறியார். பிழைத்தெழுந்து வீடு திரும்புவர். அதுவே அப்பணிக்குப் போதிய கைம்மாறு.