காலடியில் பஞ்சாய் அமுங்கும் பிரேக்... காரணம் தெரியுமா?

பெரிய லாரிகளில் பிரேக்கைப் பிடிப்பதே காற்றுதான். ஆனால் குட்டி யானை, பழைய பிக்கப் மாதிரி சின்ன வண்டிகளுக்கு அதே காற்றுதான் எமன்! எப்படி என்கிறீர்களா?

● பிரேக் ஆயிலை எவ்வளவு அழுத்தினாலும் சுருங்காது, காற்று சுருங்கும்! குழாய்க்குள் ஏர் பிடித்துவிட்டால், நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சாவது அதனால்தான்!

● நாலு முறை அடித்தால் பெடல் மேலே வந்து கல் மாதிரி நிற்கிறதா? பின்சக்கர டிரம்மில் ஷூ இடைவெளி கூடியிருக்கலாம். அட்ஜஸ்ட் செய்தாலே சரியாகிவிடும்!

● மிதித்த காலை எடுக்காமல் வையுங்கள். பெடல் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறதா? வண்டிக்கு அடியிலோ ஒரு சொட்டு ஈரம் இல்லையா? சந்தேகமே வேண்டாம், முதலில் பார்க்க வேண்டியது மாஸ்டர் சிலிண்டர். உள்ளே பக்கெட் தேய்ந்து, ஆயில் அதற்குள்ளேயே நழுவிக்கொண்டிருக்கும்!

● பிரேக் ஆயில் தண்ணீர் குடிக்கும்! காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும்! கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கினால் என்ன ஆகும்? ஆயில் கொதித்து ஆவியாகும். பெடல் காணாமல் போகும். வண்டி ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வரும்!

● இன்ஜினை நிறுத்தி நாலைந்து முறை மிதித்துவிட்டு, காலை அழுத்தியபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக இறங்கினால் பயப்படாதீர்கள், பூஸ்டர் நலம்!

● பிரேக் ஆயில் டப்பாவில் தவறி இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் பாகங்கள் எல்லாம் ஊதிப்போகும்!

● ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவார்கள். "மிதி... மிதி... பிடி!" கீழே படுத்திருப்பவர் நிப்பிளைத் தளர்த்த, கண்ணாடி டியூபில் குமிழிகள் கடுகு கடுகாய் ஓடும். நடுவில் டப்பா வற்றினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து!

குமிழி நின்று பெடல் கல்லாகும்வரை சாவியைத் தொடாதீர்கள்!