ரெஸ்யூமேயில் நகரும் தேதி

நியூயார்க்கின் பெரிய முதலீட்டு வங்கிகளில் கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிப்பவர் பெயர், கல்லூரி, மதிப்பெண் எல்லாம் நிரப்பிக்கொண்டே வந்தால், நடுவில் ஒரு கட்டம் வரும்: 'படிப்பு முடியும் மாதம், ஆண்டு'. பார்க்கச் சாதாரணக் கேள்விதான். ஆனால் வங்கி அறிவித்த காலவரம்புக்கு வெளியே ஒரு தேதியைப் போட்டால், பெரும்பாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

இந்தக் கறாருக்குக் காரணம் உண்டு. சுமார் பத்து வாரம் நடக்கும் இந்த இன்டர்ன்ஷிப், உண்மையில் ஒரு நீண்ட நேர்முகத் தேர்வு. நன்றாக வேலை செய்தவர்களுக்குக் கடைசியில் 'ரிட்டர்ன் ஆஃபர்' கிடைக்கும். அடுத்த கோடையில் அவர்கள் முழுநேர அனலிஸ்டாகச் சேர வேண்டும். அதற்குள் பட்டம் வாங்காதவரை எடுத்தால், அவருக்கென்று ஒதுக்கிய இடம் காலியாகவே கிடக்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஆள் எடுக்கும் வேலை இப்போது வெகு சீக்கிரமே தொடங்கிவிடுகிறது. மூன்றாம் ஆண்டு முடிந்து வரும் கோடைக்கு, ஓராண்டுக்கு மேல் முன்னதாக, இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு துல்லியத்தை எதிர்பார்ப்பதில் வங்கிகளின் அவசரமும் கலந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

இந்த நெருக்கடியில்தான் தேதி நகர்கிறது. இன்டர்ன்ஷிப் கிடைக்காமல் கடைசி ஆண்டுக்கு வந்துவிட்டவர், இன்னொரு முறை முயல்வதற்காக ஓராண்டைத் தள்ளிப் போடுகிறார். முதலாம் ஆண்டு மாணவர் முந்திக்கொள்ள ஓராண்டைக் குறைக்கிறார். இரண்டு தேதிகளோடு இரண்டு ரெஸ்யூமே வைத்திருப்பவர்களும் உண்டு.

கட்டத்தில் கேட்பது எதிர்பார்க்கும் தேதிதான் என்பதால் அது மாறலாம். ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படிக்கிறார், இன்னொரு பாடப்பிரிவைச் சேர்த்துக்கொள்கிறார், ஸ்டான்ஃபோர்டின் 'கோடெர்ம்' போல இளங்கலையோடு சேர்த்தே முதுகலையும் படிக்கிறார் என்றால் புதிய தேதியைத் தாராளமாக எழுதலாம். கல்லூரிப் பதிவேடும் அதையே சொல்லும். படிப்புத் திட்டம் அப்படியே இருக்க, ரெஸ்யூமேயில் மட்டும் மே 2026 என்பது மே 2027 ஆனால் அது பொய்.

அந்தப் பொய் நேர்முகத் தேர்வைத் தாண்டிவிடலாம். பின்னணிச் சோதனை வழக்கமாக ஆஃபர் கொடுத்த பிறகுதான் நடக்கும். அமெரிக்கக் கல்லூரிகளின் சேர்க்கை, பட்ட விவரங்களைச் சரிபார்த்துக் கொடுக்க, 1993-இல் தொடங்கப்பட்ட 'நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ்' என்ற லாப நோக்கற்ற அமைப்பு இருக்கிறது. போன ஆண்டு அதே வங்கிக்கு அனுப்பிய விண்ணப்பமும் கணினியில் இருக்கக்கூடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சில சமயம் ரெஸ்யூமேப் பொய் பல ஆண்டுகள் கழித்தும் வெளியே வரும். 2012 ஜனவரியில் யாஹூவின் தலைமைப் பொறுப்பேற்ற ஸ்காட் தாம்சன், கணக்கியலோடு கணினி அறிவியலிலும் பட்டம் பெற்றவர் என்று நிறுவன ஆவணங்கள் கூறின. 1979-இல் ஸ்டோன்ஹில் கல்லூரியில் அவர் வாங்கியது கணக்கியல் பட்டம் மட்டுமே. இதைத் தோண்டி எடுத்தது 'தேர்டு பாயிண்ட்' என்ற ஹெட்ஜ் ஃபண்ட். அதே ஆண்டு மே மாதம் தாம்சன் பதவியை விட்டுப் போனார்.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ எஃப்-1 மாணவர் விசாவில் போனவர்களுக்குப் பிடி இன்னும் இறுக்கம். படிப்பு முடியும் தேதி, கல்லூரி அவர்களுக்குக் கொடுக்கும் ஐ-20 படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. படிக்கும்போதே வெளியில் இன்டர்ன்ஷிப் செய்வதற்கான சிபிடி அனுமதி அந்தப் படிவத்தில்தான் பதிவாகும். படிப்பு முடிந்தபின் அது கிடைக்காது, ஓபிடி என்ற வேறு அனுமதிதான் வாங்க வேண்டும். சிபிடியில் இன்டர்ன்ஷிப் சேரும்போது ஐ-20 தாள் நிறுவனத்தின் கைக்குப் போகிறது. ரெஸ்யூமேயில் வேறு தேதி இருந்தால் சமாளிக்க வழியில்லை.

தேதி வரம்புக்குள் வராதவர், ஆள் எடுக்கும் பிரிவுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். டிசம்பரில் முடிப்பவரைச் சில வங்கிகள் அடுத்த கோடை அணியோடு சேர்த்துக்கொள்கின்றன. லண்டனில் 'ஆஃப்-சைக்கிள்' என்று கோடைக்கு வெளியே சில மாத இன்டர்ன்ஷிப்புகள் நடக்கின்றன. ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களும் அவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்.